ஆலயம் கட்டி 70 ஆண்டு கழித்து வந்த மறுமலர்ச்சி: எஸ்றா, நெகேமியா காலம் பற்றி

கேள்வி இதுதான்: பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள் கி.மு. 515-இலேயே எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்துவிட்டார்கள். ஆனால் மக்கள் ஒன்றாகக் கூடி, நியாயப்பிரமாணத்தைக் கேட்டு, அழுது, உடன்படிக்கை செய்தது கி.மு. 445-இல் நெகேமியா மதிலைக் கட்டிய பிறகுதான். நடுவில் 70 ஆண்டு. ஆலயம் கண்ணெதிரே நின்றும் ஏன் இவ்வளவு தாமதம்? மதில் எழும்பியதற்கும் மனம் திரும்பியதற்கும் என்ன சம்பந்தம்?

மதில் எழும்பிய கதைக்கும் மக்கள் அழுத கதைக்கும் நடுவே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நெகேமியா 5. கடன், வட்டி, அடமானம் பற்றியது. பலரும் அதை வேகமாகப் புரட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் அதற்கு வருமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, அரசன் யோயாக்கீனையும் பிரபுக்களையும் தச்சர், கொல்லர் போன்ற தொழிலாளரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். பத்துப் பதினோரு ஆண்டு கழித்து மறுபடி வந்து ஆலயத்தை எரித்து மதிலை இடித்தான். எல்லோரும் போய்விடவில்லை. ஏழைகளைத் திராட்சைத்தோட்டத்தையும் வயலையும் கவனிக்க விட்டுவிட்டுப் போனார்கள். இந்தப் பிரிவினை பின்னால் பெரிய தகராறாக வெடித்தது: போனவர்கள் யூதர்களா, இருந்தவர்கள் யூதர்களா, நிலம் யாருக்குச் சொந்தம் என்று.

சிறையிருப்பு என்றதும் நாம் இரும்புக் கம்பிகளை நினைத்துக்கொள்கிறோம். உண்மை நிலை வேறு. யோயாக்கீனுக்கும் அவன் மகன்கள் ஐந்து பேருக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு, பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில் இருக்கிறது. ‘அல்-யகூது’, அதாவது யூதாவின் ஊர் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு கிராமத்தின் பத்திரங்களும் கிடைத்திருக்கின்றன, கி.மு. 572-லிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டுக் கால ஆவணங்கள். யூதர்கள் கால்வாய்ப் பாசன நிலத்தைப் பயிரிட்டார்கள், குத்தகை கொடுத்தார்கள், வரி கட்டினார்கள், கடன் வாங்கினார்கள், கடன் கொடுத்தார்கள். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டுப் பலன் சாப்பிடுங்கள், அந்த நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று தீர்க்கதரிசி எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தின்படியே நடந்துகொண்டார்கள் என்று சொல்லலாம்.

ஆனால் பலிபீடம் இல்லை. பலி இல்லாமல் கடவுளை எப்படிச் சேவிப்பது? அங்கேதான் ஒரு பெரிய மாற்றம் சத்தமில்லாமல் தொடங்கியது. மூப்பர்கள் எசேக்கியேலின் வீட்டில் வந்து உட்கார்ந்து தீர்க்கதரிசனம் கேட்டார்கள். ஓய்வுநாள், விருத்தசேதனம், ஆலயம் எரிந்த ஐந்தாம் மாதத்தில் உபவாசம் என, கட்டடம் தேவைப்படாதவை எல்லாம் முன்னுக்கு வந்தன. பழைய சட்டங்களும் வரலாறும் தீர்க்கதரிசனங்களும் தொகுக்கப்பட்டதில் பெரும்பங்கு இந்தக் காலத்திலும் இதை ஒட்டியும் நடந்தது என்பது அறிஞர் பலரின் முடிவு.

கி.மு. 539-இல் பாரசீக அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்தான். அவன் எழுதிவைத்த களிமண் உருளை இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாபிலோனியர் தூக்கி வந்த தெய்வங்களை அவரவர் ஊர்க் கோயில்களுக்குத் திருப்பி அனுப்பினேன் என்று அதில் சொல்கிறான். யூதர்களைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. சிலர் இருக்கிறது என்றே எழுதிவிடுகிறார்கள், அது தவறு. ஆனால் எஸ்றா புத்தகம் சொல்லும் கட்டளை அவனுடைய அந்தக் கொள்கைக்குப் பொருந்திவருகிறது. யூதர்களுக்குத் திருப்பி அனுப்பச் சிலை ஏதும் இல்லாததால், நேபுகாத்நேச்சார் தூக்கிப்போன பொன், வெள்ளிப் பாத்திரங்கள் எண்ணிக் கொடுக்கப்பட்டன.

திரும்பியவர்கள் 42,360 பேர் என்கிறது எஸ்றா 2-ஆம் அத்தியாயம். குதிரை 736, கோவேறு கழுதை 245, ஒட்டகம் 435, கழுதை 6,720 என்று மிருகங்களுக்குக்கூடக் கணக்கு உண்டு. ஆசாரியர்கள் 4,289 பேர். லேவியர்களோ வெறும் 74 பேர். இந்த 74-ஐ நினைவில் வையுங்கள். பலிசெலுத்தும் ஆசாரியர்கள் நிரம்ப வந்தார்கள். கோயில் வேலை பார்க்கிற, மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற கூட்டம் வரவில்லை. பாபிலோனிலேயே தங்கிவிட்டவர்களும் ஏராளம். நிப்பூர் ஊரில் கிடைத்த முராஷு குடும்பத்தின் வணிகப் பத்திரங்களில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலும் யூதப் பெயர்கள் வரிசையாக வருகின்றன.

வந்தவர்கள் முதலில் செய்தது ஆலயத்தைக் கட்டுவதல்ல. இடிபாட்டுக்கு நடுவே பலிபீடத்தை மட்டும் அதன் பழைய இடத்தில் நிறுத்தி, காலைப்பலி, மாலைப்பலியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு அஸ்திபாரம் போட்டபோது நடந்தது இந்த முழு வரலாற்றிலும் எனக்கு மிகவும் நெருக்கமான காட்சி. இளைஞர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். முதல் ஆலயத்தைக் கண்ணால் பார்த்திருந்த கிழவர்கள் ஓவென்று அழுகிறார்கள். எது சந்தோஷச் சத்தம், எது அழுகைச் சத்தம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரைச்சல் வெகுதூரம் கேட்டது என்கிறது எஸ்றா 3-ஆம் அத்தியாயம். அழுதவர்களை எழுத்தாளர் குறைசொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இழந்ததற்கு அழுவதும் கிடைத்ததற்கு மகிழ்வதும் ஒரே கூட்டத்தில் ஒரே நேரத்தில் நடந்தது, அவ்வளவுதான்.

அதன்பின் வேலை நின்றது. அக்கம்பக்கத்தாரின் எதிர்ப்பு ஒரு காரணம். ஆகாய் தீர்க்கதரிசி இன்னொன்றைச் சொல்கிறார்: நீங்கள் மட்டும் பலகை அடித்த வீடுகளில் குடியிருக்கிறீர்கள், கடவுளின் இந்த வீடு பாழாய்க் கிடக்கிறதே. விளைச்சல் இல்லை, கூலி வாங்கியவன் பொத்தலான பையில் போட்டதுபோல் ஆயிற்று. கி.மு. 520-இல் ஆறாம் மாதம் முதல் தேதி அவர் பேசினார். அதே மாதம் 24-ஆம் தேதி வேலை தொடங்கியது. பேச்சுக்கு இவ்வளவு சீக்கிரம் பலன் கண்ட தீர்க்கதரிசிகள் குறைவு. கூடவே சகரியாவும் பேசினார். அவருடைய எட்டாம் அத்தியாயத்தில் வரும் எருசலேமில் படைகளோ பொன்னோ இல்லை. முதிர்வயதால் கையில் கோல் பிடித்த கிழவர்களும் கிழவிகளும் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதே தெருவில் பையன்களும் பெண்பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். ஊர் பிழைத்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளத்தை நான் படித்ததில்லை.

பாரசீக ஆளுநர் தத்னாய் வந்து, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். அக்மேதா அரண்மனையில் கோரேசின் பழைய கட்டளைச் சுருள் தேடி எடுக்கப்பட்டது. அப்போதைய பாரசீக அரசன் தரியு வேலையைத் தொடர விட்டதோடு, செலவையும் அரசாங்க வரிப்பணத்திலிருந்து கொடுக்கச் சொன்னான். கி.மு. 515-இல் ஆதார் மாதத்தில் ஆலயம் முடிந்தது.

இப்போது உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு வரலாம். அந்த ஆலயத்தில் என்ன இல்லை என்று பாருங்கள். உடன்படிக்கைப் பெட்டி இல்லை. மகா பரிசுத்த இடம் வெறுமையாக இருந்தது. தாவீதின் சிங்காசனம் இல்லை. யோயாக்கீனின் வழிவந்தவரும் திரும்பியவர்களின் தலைவருமான செருபாபேலைப் பற்றிய பேச்சு, ஆலயம் முடிந்த செய்தியிலேயே காணாமல் போகிறது. செலவு கொடுத்தது பாரசீக அரசன். பதிலுக்கு அவனுக்காகவும் அவன் மகன்களுக்காகவும் ஜெபிக்க வேண்டும். வழிபாடு நடந்தது, சரி. ஆனால் அது ஆசாரியர்கள் செய்கிற வேலையாக இருந்தது. மக்களின் அன்றாட வாழ்க்கை அதற்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. இந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது என்று பொதுவாகக் கருதப்படும் மல்கியா புத்தகத்தைப் படித்தால் நிலைமை புரியும்: குருடும் ஊனமுமான ஆடுமாடுகளைப் பலிக்குக் கொண்டுவருகிறார்கள், ஆசாரியர்களுக்கே சலிப்பு, கூலிக்காரனின் கூலி பிடிக்கப்படுகிறது, விதவையும் அநாதையும் ஒடுக்கப்படுகிறார்கள். ஆலயம் இருந்தது, அதைக் கொண்டு ஊர் மாறவில்லை.

கி.மு. 458-இல், பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் ஏழாம் ஆண்டில், பாபிலோனிலிருந்து எஸ்றா வருகிறார். (அது இரண்டாம் அர்தசஷ்டாவின் காலம், கி.மு. 398 என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.) அவர் ஆசாரியர், ஆனால் எல்லோரும் அவரை அறிந்திருப்பது வேதபாரகர், அதாவது நியாயப்பிரமாணத்தில் தேர்ந்த அறிஞர் என்று. அகாவா ஆற்றங்கரையில் கூட்டத்தைச் சோதித்துப் பார்த்தால், இந்தத் தடவை லேவியர் ஒருவர்கூட இல்லை. பயணத்தை நிறுத்திவைத்து, ஆள் அனுப்பி, 38 பேரைத் தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் கிளம்பினார். பலிசெலுத்த ஆள் இருந்தால் போதாது, சொல்லிக்கொடுக்கவும் ஆள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

பதின்மூன்று ஆண்டு கழித்து நெகேமியா. இவர் ஆசாரியரும் அல்ல, தீர்க்கதரிசியும் அல்ல. சூசான் நகர அரண்மனையில் பாரசீக அரசனுக்குப் பானம் கொடுக்கும் அதிகாரி. வழிக்குப் படைவீரரைக் கேட்க வெட்கப்பட்டு உபவாசம் பண்ணியவர் எஸ்றா. இவரோ படைத்தலைவரும் குதிரைவீரரும் சூழ வந்து இறங்கினார். இரண்டு வகை மனிதர்களும் தேவைப்பட்டார்கள். வந்த மூன்றாம் நாள் இரவு, யாருக்கும் சொல்லாமல் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு, பள்ளத்தாக்கு வாசல் வழியாகப் போய் மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் இடிபாடு குவிந்து, அவர் ஏறியிருந்த மிருகம் நுழையக்கூட வழியில்லை.

நெகேமியா மூன்றாம் அத்தியாயம் பெயர்ப் பட்டியல்தான், ஆனாலும் நிதானமாகப் படியுங்கள். பிரதான ஆசாரியன் ஆட்டுவாசலைக் கட்டுகிறான். தட்டார்களும் பரிமளத் தைலம் செய்கிறவர்களும் கல் சுமக்கிறார்கள். சல்லூம் என்பவன் தன் மகள்களோடு ஒரு பகுதியைக் கட்டுகிறான். பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் துண்டை எடுத்துக்கொள்கிறார்கள். தெக்கோவா ஊரார் வேலை செய்தார்கள், அவர்களுடைய பிரபுக்களோ கழுத்தைக் கொடுக்கவில்லை என்று ஒரு வரி. ஆலயம் அரசன் பணத்தில் எழும்பியது. மதிலுக்கு வனக்காவலனிடமிருந்து மரம் கொடுக்கச் சொல்லி அரசன் கடிதம் தந்தாலும், கட்டியது ஊர்க்காரர்களின் கை.

இந்த இடத்தில்தான் ஐந்தாம் அத்தியாயம் குறுக்கிடுகிறது. வேலை பாதியில் இருக்கும்போது, எதிரியால் அல்ல, உள்ளேயிருந்தே கூக்குரல் எழும்புகிறது. ஆண்களும் அவர்கள் மனைவிமாரும் வந்து கத்துகிறார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் அதிகம், தானியம் இல்லை என்கிறார்கள் சிலர். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம் என்கிறார்கள் சிலர். ராஜாவின் வரி கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் மகள்கள் அடிமைகளாகப் போய்விட்டார்கள், மீட்க வழியில்லை என்கிறார்கள் இன்னும் சிலர். கடன் கொடுத்தவர்கள் யார்? பக்கத்தில் நின்று அதே மதிலைக் கட்டிக்கொண்டிருந்த சொந்த இனத்தார். பாரசீக வரியை வெள்ளியாகக் கட்ட வேண்டும், விளைச்சல் பொய்த்தால் வட்டிக்காரனிடம்தான் போக வேண்டும் என்ற நிலை. புறஜாதியாரிடம் விற்கப்பட்ட சகோதரரை நாம் பணம் கொடுத்து மீட்டோம், நீங்கள் மறுபடி விற்கிறீர்களா என்று நெகேமியா கேட்டபோது யாருக்கும் வாய் திறக்கவில்லை.

அவர் பிரசங்கம் பண்ணிவிட்டு விடவில்லை. நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடப் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் சேர்த்தே சொன்னார். நிலம், தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். வட்டியாக வாங்கிய நூற்றுக்கு ஒன்றையும் கொடுங்கள். சரி என்றவர்களை ஆசாரியர்கள் முன் ஆணையிடவைத்தார். தன் வஸ்திரத்தின் மடியை உதறி, வாக்குத் தவறுகிறவனைக் கடவுள் இப்படி உதறிப்போடுவார் என்றார். கூட்டம் முழுவதும் ஆமென் சொன்னது. தான் யூதாவின் ஆளுநராக இருந்தும் அதற்கான படியை 12 ஆண்டு வாங்காமல், தினம் 150 பேருக்குத் தன் செலவில் பந்தி வைத்தார். இதைத் தன் வாயாலேயே சொல்லிக்கொள்கிறார், கொஞ்சம் பெருமையோடுதான். இருக்கட்டும். செய்தார் இல்லையா.

மதில் 52 நாளில், எலூல் மாதம் 25-ஆம் தேதி முடிந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏழாம் மாதம் முதல் தேதி மக்கள் எல்லோரும் ஒருமனப்பட்டுத் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் கூடினார்கள். இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, கூடிய இடம் ஆலயம் அல்ல, தெரு. ஆண், பெண், கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளைகள் எல்லோரும் நிற்கலாம். இதைச் சொல்லும் நெகேமியா எட்டாம் அத்தியாயத்தின் முதல் நாளில் பலி பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு, எஸ்றா அவர்களைக் கூப்பிடவில்லை. மோசேயின் நியாயப்பிரமாணப் புத்தகத்தைக் கொண்டுவாரும் என்று மக்கள்தான் அவரிடம் கேட்டார்கள். மகளை அடிமையாகக் கொடுத்தவனும் அவளை வாங்கியவனும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆமென் சொல்ல முடிந்ததற்கு, ஐந்தாம் அத்தியாயம் நடந்திருக்க வேண்டும். அது தீராமல் இந்தக் கூட்டம் கூடியிருக்க முடியாது.

எட்டாம் அத்தியாயம் முதலில் எஸ்றாவின் கதையில் இருந்தது, பிறகு இங்கே நகர்த்தப்பட்டது என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியே இருந்தாலும் நான் சொல்வது விழுந்துவிடாது. தொகுத்தவர் அதை எடுத்து வந்து இந்த இடத்தில் வைத்திருக்கிறார் என்றால், கடன் தீர்ந்த பிறகுதான் இந்த வாசிப்பு வர வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது.

விடியற்காலம் தொடங்கி நடுப்பகல் வரை வாசிப்பு. அதற்கென்றே செய்த மரமேடை. எஸ்றா புத்தகத்தைத் திறந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வாசித்தால் மட்டும் போதவில்லை. லேவியர்கள் மக்கள் நடுவே நின்று அர்த்தம் சொல்லிப் புரியவைத்தார்கள். ஆற்றங்கரையில் எஸ்றா தேடிப்பிடித்தது இந்த வேலைக்குத்தான் என்று எனக்குத் தோன்றும். கேட்டவர்கள் அழத் தொடங்கினார்கள். அழாதேயுங்கள் என்று அவர்களைத் தடுத்து, கொழுமையானதைச் சாப்பிட்டு, இனிப்பானதைக் குடித்து, ஒன்றும் ஆயத்தம் பண்ணாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். கடவுளுக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்கள் பெலன் என்ற, சபைகளில் அடிக்கடி கேட்கிற அந்த வரி, இல்லாதவனுக்குச் சாப்பாடு அனுப்பச் சொன்ன அதே வசனத்தின் முடிவில்தான் வருகிறது. மறுநாள் குடும்பத் தலைவர்கள் மேற்கொண்டு படிக்க வந்தார்கள். கூடாரப் பண்டிகை பற்றி எழுதியிருப்பதைக் கண்டார்கள். ஒலிவம், மிருது, பேரீச்சை ஓலைகளை வெட்டி வந்து, வீட்டுக் கூரைமேலும் முற்றத்திலும் தெருவிலும் பந்தல் போட்டு ஏழு நாள் குடியிருந்தார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக் கூடாது. இதே காலத்தில் எஸ்றா, வேற்றினப் பெண்களை மணந்தவர்கள் அந்த மனைவிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்யவைத்தார். ஒன்பதாம் மாதம், அடைமழை, ஆலயத்துக்கு முன்னால் வீதியில் மக்கள் நனைந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை எஸ்றா 10 காட்டுகிறது. சிறு கூட்டம் கரைந்துவிடுமோ என்ற பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று புத்தகம் சொல்வதில்லை; அதை ஆன்மிகப் புதுப்பித்தல் என்று என்னால் கொண்டாட முடியவில்லை. தன்னைச் சேர்ந்துகொண்ட அந்நியனைக் கர்த்தர் பிரித்துப்போடுவார் என்று அவன் சொல்ல வேண்டாம் என்கிறது ஏசாயா 56. மோவாபியப் பெண்ணான ரூத்தை தாவீதின் கொள்ளுப்பாட்டியாக நிறுத்தும் கதையும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. இரண்டு குரல்களையும் யூதர்கள் அழிக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

புதுப்பித்தல் நிலைத்ததா? நெகேமியாவின் கடைசி அத்தியாயம் வருத்தமானது. அவர் அரசனிடம் போய்த் திரும்புவதற்குள், மதிலை எதிர்த்த தொபியாவுக்கே ஆலயப் பிராகாரத்தில் அறை கொடுத்திருக்கிறார்கள். நெகேமியா அவனுடைய தட்டுமுட்டுகளைத் தூக்கி வெளியே எறிந்தார். படி கிடைக்காத லேவியர்கள் வயலுக்கே திரும்பிப் போயிருந்தார்கள். ஓய்வுநாளில் தீரு ஊரார் மீன் விற்றார்கள். அவர் வாசல்களைச் சாத்தவைத்தார். வியாபாரிகள் மதிலுக்கு வெளியே இரவு தங்கிப் பார்த்தார்கள்.

ஆனால் தண்ணீர் வாசல் வீதியில் நடந்தது நின்றுவிடவில்லை. திங்களும் வியாழனும் தோராவை, அதாவது நியாயப்பிரமாணத்தைப் பொதுவில் வாசிக்கும் வழக்கத்தை எஸ்றா ஏற்படுத்தினார் என்று யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூது சொல்கிறது. கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை மறுபடி எரித்தபோது, யோகனான் பென் சக்காய் என்ற யூத குரு யாவ்னே ஊரில் ரபிகளை, அதாவது வேத ஆசிரியர்களைக் கூட்டிப் படிப்பைத் தொடர முடிந்தது. மேடை, சுருள், நின்று கேட்கும் மக்கள், அர்த்தம் சொல்ல ஓர் ஆள்: இதற்கு எந்த ஊரும் போதும்.

படிக்க விரும்பினால் நெகேமியா 5, 8, 13 மூன்றையும் இந்த வரிசையில் ஒரே மூச்சில் படியுங்கள். நம் சபைகளில் கட்டட நிதி கேட்கும்போது ஆகாயும், எழுப்புதல் கூட்டத்தில் எட்டாம் அத்தியாயமும் வரும். ஐந்தாம் அத்தியாயத்தில் பிரசங்கம் கேட்பது அபூர்வம். போதகராக இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.